நாலு மணிப் பாதை

பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் மணிக்கூடு. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். நான் வருவதைக் கண்டால் யாராவது நாக்கைத் தட்டி டிக் டிக் என்று சத்தம் எழுப்புவார்கள், மற்றவர்கள் புத்தகத்துக்குள் தலையை விட்டுச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்குத்தான் கோபம் வரவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அதை இப்போது மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் நடுவில், மட்டக்களப்பில், ஒரு விழாவைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிச் சொன்ன நேரத்துக்கு முடிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று வளாகத்தில் பேச்சிருந்தது. அந்தப் பேச்சை எல்லாரையும்விட அதிகமாக நம்பியவள் நான்.

மற்ற ஊர்களில் மாணவர்கள் எப்படி விழா நடத்துவார்களோ தெரியாது. எங்களுக்கு முதல் வேலை கடிதம் எழுதுவதுதான். பொலிசுக்கு ஒன்று, இராணுவ முகாமுக்கு ஒன்று, மண்டபம் தரும் பாடசாலையின் அதிபருக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கென்று தனியாக இன்னொன்று. வாவிக்கு அங்கால், படுவான்கரையில் அதிகாரம் வைத்திருந்த இயக்கத்துக்குக் கடிதம் கிடையாது. வாயால் சொல்லி அனுப்ப வேண்டும், அதையும் சரியான ஆளைப் பிடித்துச் சொல்ல வேண்டும். இரண்டு கரையும் சரி என்ற பிறகுதான் நிகழ்ச்சி நிரலில் கை வைக்கலாம். அதை நான் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி எழுதுவேன். ஏனென்றால் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் படுவான்கரைக்காரர்கள், அவர்கள் வீட்டுக்குப் போக வாவியைக் கடக்க வேண்டும், கடைசிப் பாதை நாலு மணிக்கு. பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது ஆட்களையும் சைக்கிள்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும் பெரிய மிதவையை. நாலு மணிக்குப் பிறகு வாவியில் எதுவும் அசையக்கூடாது என்பது முகாமின் உத்தரவு. ஆகவே எங்கள் விழாக்களின் உண்மையான தலைவர் அந்த மிதவைதான். அது புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, நன்றியுரையை வைத்து, அதற்கு முன்னால் பரிசளிப்பை வைத்து, இப்படியே நகர்ந்து வந்தால் காலையில் எத்தனை மணிக்கு விளக்கேற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்த வருடக் கலைவிழாவை வளாகத்துக்குள் நடத்த முடியவில்லை. படுவான்கரையின் மண்டூர்த் துறைக்கு எதிரே, எழுவான்கரையில், இக்கரைத் துறையிலிருந்து அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரத்தில் இருந்த ஒரு பாடசாலை மண்டபம் கிடைத்தது. துறைக்குப் பக்கம் என்பதால் எனக்கு அது வசதியாகவே பட்டது. விழாவின் உயிர் கூத்து. விடியவிடிய ஆடும் வடமோடிக் கூத்து ஒன்றை ஐம்பது நிமிடத்துக்குச் சுருக்கியிருந்தோம். அரசன் வேடத்தை ஒரு பெண்பிள்ளை ஆடுவது என்று முடிவாகியிருந்தது. அவள் மண்டூர்க்காரி, முதலாம் வருடம். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, ஆனால் கால் வைத்தால் மேடைப் பலகை பதில் சொல்லும். ஒத்திகையில் அவளைப் பார்த்தவர்கள் வேறு யாரையும் அந்த வேடத்தில் பார்க்கச் சம்மதிக்கவில்லை.

வீட்டில் விடமாட்டார்கள் என்று அவள் சொன்னபோது, நான் கேட்டுக்கொள்கிறேன் என்று நானே பாதை ஏறிப் போனேன். அவளுடைய தகப்பன் வெட்டு முடிந்த வயல் வட்டையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காலெல்லாம் சேறு. இளம் வயதில் அவரும் கூத்தாடியவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"ஆடுறது எனக்குக் கரைச்சலில்ல புள்ள," என்றார். "ஆடட்டும். நானும் ஆடின ஆள்தான். ஆனா நாலு மணிப் பாதையில அவள் வந்து இறங்கோணும். காலம் கிடக்கிற கிடைக்கு, பாதையால இறங்காத புள்ளயப் பத்தி என்னத்த நினைக்கிற?"

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. பாதையில் இறங்காத பிள்ளை என்றால் எழுவான்கரையில் இராணுவத்திடம் பிடிபட்டிருக்கும், இல்லாவிட்டால் இயக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கும். மூன்றாவதாக ஒரு காரணத்தை அந்த நாளில் எந்த வீட்டிலும் நினைக்கமாட்டார்கள்.

"நாலு மணிப் பாதையில நானே ஏத்தி விடுறன் மாமா," என்றேன்.

"நான் துறையில நிப்பன்," என்றார்.

தாய் தேநீர் தந்தார். நான் புறப்படும்போது வாசல்வரை வந்து, "பாத்துக்கங்க புள்ள," என்றார். நான் சிரித்தேன். என்னிடம் நேரத்தைப் பற்றிச் சொல்கிறார்களே என்ற சிரிப்பு அது.

விழா நாளன்று ஒன்பது மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கூத்துப் பிள்ளைகள் ஏழு மணிக்கே வந்து ஒரு வகுப்பறையில் வேடம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சோற்றுப் பார்சல்கள் வந்துவிட்டன. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடியது. எல்லாம் இருந்தது, பிரதம விருந்தினர் மட்டும் இல்லை. அவர் நகரத்தில் இருந்த ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. முகாமில் எங்களுக்கு அனுமதிக் கையெழுத்து வாங்கித் தந்தவரும் அவரே. வழியில் வீதிச் சோதனை, வாகனங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். எப்போது விடுவார்கள் என்று கேட்க ஒரு வழியும் இல்லை.

பத்து மணிக்கு நான் சங்கத் தலைவரிடம் போனேன். அவன் என் வகுப்புத்தான்; எந்த நெருக்கடியிலும் சட்டைக் கை மடிப்புக் குலையாத ஆள்.

"கூத்த முதல்ல விடுவமா?" என்றேன். "சும்மாதானே இரிக்கம். அவர் வந்தாப்போல விளக்கேத்தி மத்ததுகளத் தொடங்குவம்."

"விளக்கேத்தாம எப்பிடித் தொடங்குற? அதோட, கூத்து முடிஞ்சா சனம் எழும்பிப் போயிரும். அவர் வந்து கதிரையளுக்குப் பேசுறதா? நீதானே சொல்லித் தந்த, கூத்தக் கடைசியிலதான் வைக்கோணும் எண்டு."

உண்மைதான். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். சனம் வருவது கூத்துக்கு. கூத்தைக் கடைசியில் வைத்தால் எல்லா உரைகளையும் பொறுத்துக்கொண்டு இருக்கும், முதலில் வைத்தால் நன்றியுரை சொல்லும்போது மண்டபத்தில் காகம்தான் இருக்கும். சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இதை நான் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது என் பாடத்தையே எனக்கு ஒப்புவிக்கிறான். எனக்கு அவன்மீது கோபம் வந்தது. ஆனால் பிரதம விருந்தினரைக் கோபப்படுத்தினால் அடுத்த வருடம் கையெழுத்துக்கு யாரிடம் போவது என்ற பயம் எனக்கும் இருந்தது. சரி, பார்ப்போம் என்று திரும்பி வந்தேன்.

அவர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். வியர்த்து, களைத்து, எங்களிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. விளக்கேற்றினோம். ஐந்து திரிக்கும் ஐந்து பேரைப் பட்டம் பதவியோடு அழைத்து, ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றி, மேடையேறி, அடுத்தவரிடம் மெழுகுதிரியை மரியாதையாகக் கொடுத்து. அதற்குப் பிறகு மாலை, பொன்னாடை. வரவேற்புரை, தலைமையுரை. நான் ஓரத்தில் நின்று நிரலில் ஒவ்வொன்றாக வெட்டினேன். தனிப்பாட்டு இரண்டை வெட்டினேன். கவிதைக்காரன் ஒருவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் போனான். பிரதம விருந்தினரின் உரையில் வெட்ட முடியுமா? இரண்டு மணிநேரம் வெயிலில் வீதியில் நிறுத்தப்பட்டு, திரும்பிப் போகாமல் வந்து நிற்கிற மனுசனுக்குச் சுருக்கச் சொல்லி யார் துண்டு அனுப்புவது? அவர் பேசினார். நல்ல பேச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு வரியும் நினைவில்லை.

கூத்து மேடையேறும்போது இரண்டே முக்கால். ஐம்பது நிமிடம் போனால் மூன்று முப்பத்தைந்து. துறைக்குப் பத்து நிமிடம். முடியும் என்று என் மணிக்கூட்டு மூளை சொன்னது. ஆனால் சபையை அது கணக்கில் எடுக்கவில்லை. அவள் களரிக்கு வந்து முதல் தாளக்கட்டை முடித்தபோது மண்டபம் எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒரு பெரியவர் இன்னொரு தரம் என்று கேட்டார். மத்தளக்காரர் சிரித்துக்கொண்டு திரும்ப அடித்தார். அவள் திரும்ப ஆடினாள். அப்படி மூன்று இடத்தில் நடந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மண்டபத்தில் அவ்வளவு பேர் சேர்ந்து சந்தோசமாக இருந்ததை நான் அந்த வருடங்களில் வேறெங்கும் காணவில்லை.

மூன்று முப்பத்தைந்துக்கு இன்னும் பத்து நிமிடக் கூத்து இருந்தது. பேச்சுப் போட்டிக்கு அடிக்கும் மணி என் கையில் இருந்தது. அடித்தால் நிற்பாட்டுவார்களா? களரியில் ஏறிய கூத்தை, கடைசி வாழ்த்தான வாழி பாடாமல் இறக்குவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். ஆடியவர்களுக்கும் ஆகாது, பார்த்தவர்களுக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது என்பார்கள். நான் அதையெல்லாம் நம்புகிறவள் அல்ல. ஆனால் மணியை அடித்துவிட்டு அந்தச் சபையின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சுற்றி வரும்போது அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். என்ன செய்ய அக்கா? நான் கையைக் காட்டினேன். ஆடி முடி.

அவள் முடித்தாள். எல்லாரும் வரிசையாக நின்று வாழி பாடினார்கள். அப்போது மூன்று ஐம்பது.

வடமோடியில் அரசனின் உடுப்பு, இடுப்பைச் சுற்றிப் பிரம்பு வளையம் வைத்துக் கட்டியது. அதோடு சைக்கிளில் ஏற முடியாது. கயிற்றை அவிழ்க்க ஆளுக்கொரு முடிச்சாக இழுத்து, கடைசியில் ஒரு கயிற்றைப் பிளேட்டால் அறுத்தோம். முகத்தைக் கழுவ நேரமில்லை. அரிதாரமும் வரைந்த மீசையுமாக அவளை என் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு, எதிர்க்காற்றில், வாழ்க்கையில் ஓடாத ஓட்டம் ஓடினேன். படுவான்கரையின் மற்றப் பிள்ளைகளை மூன்றரைக்கே அனுப்பிவிட்டிருந்தேன். கூத்துக்காரர்களில் மற்றவர்கள் எல்லாரும் எழுவான்கரை. அவள் ஒருத்திக்காகத்தான் அந்த ஓட்டம்.

துறைக்கு வந்தபோது பாதை வாவியின் கால்வாசியைக் கடந்திருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிட்டோம். பாதைக்காரர் திரும்பிப் பார்த்தார். கையை விரித்தார். துறையில் இருந்த இராணுவக் காவலரணின் கண்முன்னே புறப்பட்ட பாதையைத் திருப்ப அவருக்கு வழியில்லை.

"தங்குவம் தங்கச்சி," என்றேன். "விடிய முதல் பாதையில நானே வந்து உன்ட அப்பாட்டச் சொல்லுறன். ஏச்செல்லாம் எனக்கு."

அவள் நான் சொன்னதைக் கேட்கவில்லை. அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே நிற்பவர்களின் முகம் தெரியாது, ஆள் தெரியும்.

"அந்தா அப்பா," என்றாள். "தலையில துவாய் கட்டியிரிக்கார்."

பாதை அக்கரையில் தட்டியது. சனம் இறங்கியது. துவாய் கட்டிய அந்த உருவம் இறங்குகிறவர்களுக்குள்ளே போய் வந்தது. சனம் குறையக் குறைய அந்த உருவம் தனியாகத் தெரிந்தது. நாங்கள் கத்தினோம். அவள் தோளில் கிடந்த வேடத்துச் சிவப்புச் சால்வையை உயர்த்தி ஆட்டினோம். காற்று எங்கள் பக்கம் அடித்தது, எங்கள் சத்தம் எங்கள் முகத்திலேயே விழுந்தது. எங்களைப் பார்த்தாரா, பார்த்து என்னவென்று எடுத்துக்கொண்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சிவப்புத் துணியை ஆட்டுவதை ஆபத்து என்று விளங்கிக்கொண்டிருக்கலாம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கும்.

"அப்பா தோணியத் தள்ளுறார் அக்கா," என்றாள்.

நான் காவலரணுக்கு ஓடினேன். அங்கே இரண்டு சிப்பாய்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். அந்தப் பத்தையும் கொட்டினேன். தாத்தா, துவ, அதாவது அப்பாவும் மகளும், வேறு ஒன்றுமில்லை, மகளைத் தேடித்தான் வருகிறார். ஒருவன் நான் சொன்னதை விளங்கிக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன். அவளுடைய மீசையைப் பார்த்து முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு முன்னால் காட்டினான். நாலு பதினைந்து. நான் அனுமதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. அவன் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அதில் மண்டபத்துக்கு அனுமதி இருந்தது, ஒலிபெருக்கிக்கு அனுமதி இருந்தது. ஒரு தகப்பன் வாவியைக் கடப்பதற்கு நான் அனுமதி கேட்டிருக்கவில்லை.

மற்றவன் துவக்கை உயர்த்தி மேலே சுட்டான். தோணி நிற்கவில்லை. இரண்டாம் முறை தண்ணீரில் சுட்டான். அவள் கத்திய சத்தம் அந்தக் கரையில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். தோணியில் இருந்தவர் சவள் துடுப்பை வைத்துவிட்டுக் கைகளை உயர்த்தினார். தோணி பக்கவாட்டில் திரும்பி, காற்றில் தானாக எங்கள் கரையை நோக்கி மெதுவாக வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். செய்ய வேறு எதுவும் இருக்கவில்லை.

கரையில் அவரை முழங்காலில் இருத்தினார்கள். அவர் மகளைப் பார்த்தார். உயிரோடு, முழுசாக, மீசையோடு நிற்கிறாள். அவருடைய முகம் தெளிந்ததை நான் கண்டேன். பிடிபட்டவரின் முகம் மாதிரியே இல்லை.

"வாழி பாடி முடிச்சிற்றீங்களா மகள்?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

"அது காணும் மகள், அது போதும்," என்றார்.

என்னை அவர் ஏசவில்லை, பார்க்கக்கூட இல்லை. முகாமுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் வெளியே வந்து, விசாரித்துவிட்டு விடுவோம், காலையில் வாருங்கள் என்றான். அன்றிரவு அதிபரின் வீட்டில் தங்கினோம். அவள் முகம் கழுவ மறுத்தாள். காலையில் போனபோது, அவரை நகரத்துக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். நகரத்தில் அப்படி ஒருவரைத் தங்களிடம் கொண்டுவரவில்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் எழுதிய கடிதங்கள் விழாவுக்கு எழுதியவற்றைவிடப் பல மடங்கு. அதே மேசைகள், உட்கார்ந்து காத்திருக்க அதே வாங்குகள், பல இடங்களில் அதே எழுதுவினைஞர்கள். "என்ன மிஸ், இந்த வருசமும் கலைவிழாவா?" என்று ஒருவர் அன்போடு கேட்டார். பிரதம விருந்தினரிடம் போனேன். அவர் என் முன்னாலேயே மூன்று பேருக்குக் கடிதம் எழுதினார். நாலாவது தரம் போனபோது, "மகள், எனக்கு இதுக்கு மேல ஆரையும் தெரியாது," என்று சொல்லிக் கண் கலங்கினார். சங்கத் தலைவன் எல்லா இடத்துக்கும் என்னோடு வந்தான். வழியில் நாங்கள் இருவரும் அந்த நாளைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. கூத்தை முதலில் விட்டிருந்தால் என்று அவனும் நினைத்துக்கொண்டுதான் நடந்திருப்பான்.

அவள் வளாகத்துக்குத் திரும்பி வரவில்லை. நான் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை, முன்கூட்டியே நாள் சொல்லிவைத்து, பாதை ஏறி மண்டூருக்குப் போவேன். கையில் ஏதாவது ஒரு புதுக் கடிதத்தின் பிரதி இருக்கும். வெறுங்கையோடு போக எனக்கு முடியவில்லை. நான் இறங்கும்போதெல்லாம் தாய் துறையில் நிற்பார். எனக்காக வந்து நிற்கிறாரே என்று எனக்கு வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடப்பார். தேநீர் தருவார்.

ஏழெட்டு மாதம் கழிந்திருக்கும். ஒருநாள் அவள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, நீங்க வாற நாளெண்டா அம்மா விடியவே துறைக்குப் போயிருவா," என்றாள். "நீங்க அப்பாவக் கூட்டி வாறீங்கண்டு நினைக்கா. எத்தின தரம் சொல்லியும் கேக்கிறல்ல. நீங்க தனிய இறங்கினா, மறுகா ரெண்டு மூணு நாளைக்குச் சோறு தின்னுறல்ல. கோவிக்காதீங்க அக்கா. இனி வராதீங்க."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் கொண்டுபோன கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

தாய் என்னோடு துறைக்கு வந்தார். பாதை தட்டியதும் என் கையை விட்டுவிட்டு, எனக்கு முன்னால் போய், இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசி ஆளும் இறங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த முற அவரையும் கூட்டிற்று வாங்க புள்ள," என்றார்.

"ஓம் மாமி," என்றேன்.

அதற்குப் பிறகு நான் மண்டூருக்குப் போகவில்லை.